பட்டறைப் பலசாலி

சேந்தமங்கலத்தைத் தாண்டிக் கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்குக் காளப்பநாயக்கன்பட்டி நன்கு தெரிந்த ஊர். அதைக் கடந்து காரவள்ளியை அடைந்தால் மலைப்பாதை ஆரம்பமாகிறது. அந்தப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 70. பலாவும் மிளகும் காப்பியும் அன்னாசியும் அந்த எழுபது வளைவுகளில் உருண்டு இறங்கி வருகின்றன. அரிசியும் உப்பும் சிமெண்டும் அதே வளைவுகளில் மூச்சிரைத்து மேலே ஏறுகின்றன. மலைக்கு யாத்திரை போய்த் திரும்பியவர்கள் அறப்பளீசுவரர் கோயிலைப் பற்றியும் ஆகாசகங்கை அருவியைப் பற்றியும் பேசுவார்கள். வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களோ பிரேக்கைப் பற்றியும் சக்கரத்துப் பேரிங்கைப் பற்றியும்தான் பேசுவார்கள்.

அதில் வியப்பில்லை. நாமக்கல் சீமையே வண்டிச் சீமை. லாரிக்கு உடல் கட்டும் பட்டறைகளால் நாமக்கல்லின் பெயர் பாரத தேசம் முழுவதும் பரவியிருக்கிறது. ஆழ்குழாய்க் கிணறு துளைக்கும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பெயர் போனது. இவை போதாவென்று கோழிப் பண்ணைகள், மரவள்ளிக் கிழங்கை அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகள், கிணறுதோறும் நீர் இறைக்கும் மோட்டார்கள். சுழலுகின்ற பொருள் எங்கே இருக்கிறதோ அங்கே பேரிங் இருக்கும். பேரிங் இருக்கும் இடத்தில் ஒரு நாள் அது தேய்ந்துபோகும். தேய்ந்ததைக் கழற்றிப் புதியதைப் பொருத்த ஒரு பட்டறை வேண்டும். இந்தக் கட்டுரை அத்தகைய சிறு பட்டறையில் இருக்கவேண்டிய ஒரு யந்திரத்தைப் பற்றியது. அதை வாங்கலாம், இரும்பு வாங்கித் தாமே கட்டிக்கொள்ளவும் செய்யலாம். கட்டிக்கொள்கிறவர் எதை அறிந்திருக்கவேண்டும் என்பதுதான் விஷயம்.

பேரிங்கானது அதன் அச்சில் இறுக்கமாக அமர்ந்திருக்கும். அப்படி இறுகியிருந்தால்தான் அது தன் வேலையைச் செய்யும். ஆகவே அதைக் கழற்றுவதும் மாட்டுவதும் விரல்களால் ஆகிற காரியமல்ல. பிரஸ் இல்லாத பட்டறையில் இதற்குப் பெரும்பாலும் கையாளும் உபாயம் சம்மட்டி. ஒரு குழாய்த் துண்டை வைத்து, அதன் தலையில் ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். பேரிங் உள்ளே போய்விடும், சக்கரமும் சுழலும், வண்டிக்காரர் கூலியைக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகப் புறப்படுவார்.

ஆனால் அந்த அடியின் கணக்கு அங்கே தீர்ந்துவிடுவதில்லை. பேரிங்கின் உள்ளே இருக்கும் எஃகுக் குண்டுகள் ஒவ்வோர் அடிக்கும் தாம் ஓடும் பாதையில் கண்ணுக்குப் புலப்படாத பள்ளங்களைப் பதித்துவிடுகின்றன. குண்டு அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து ஓடுகிறது. முதலில் ஒரு மெல்லிய இரைச்சல், பிறகு சூடு, பிறகு ஒரு நாள் முழு நாசம். அடி விழுந்தது அடிவாரத்துப் பட்டறையில். அதன் பலன் வெளிப்படுவது நாற்பதாவது வளைவிலாக இருக்கலாம். அந்த வண்டியில் சந்தைக்குப் போகும் பெண்களும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் இருக்கலாம்.

சம்மட்டிக்கு மாற்றாக வந்தது பிரஸ். அடிப்பதற்குப் பதிலாக அது அழுத்துகிறது. அவசரமில்லாமல், ஆரவாரமில்லாமல், நேர்க்கோட்டில் அழுத்துகிறது. அப்படி அழுத்தும்போதும் ஒரு நியதி உண்டு. பேரிங் அச்சின்மேல் இறுக்கமாக அமர்வதானால் உள்வளையத்தை அழுத்தவேண்டும். கூட்டுக்குள் இறுக்கமாக அமர்வதானால் வெளிவளையத்தை அழுத்தவேண்டும். இறுக்கம் எந்த வளையத்தில் இருக்கிறதோ அந்த வளையத்தின் மீதே பலம் விழுந்தால், நடுவிலுள்ள குண்டுகளுக்கு ஒரு துன்பமும் இல்லை.

சிறு பட்டறைப் பிரஸ்ஸின் அமைப்பு வெகு எளிது. இரண்டு தூண்கள், அவற்றின் தலையில் ஒரு விட்டம், நடுவில் உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய ஒரு மேசை. தூண்களில் வரிசையாகத் துளைகள் இருக்கும். வேண்டிய உயரத்தில் பின் என்று பட்டறையில் சொல்லும் இரண்டு தடித்த முளைகளைச் செருகினால் மேசை அவற்றின்மேல் அமர்ந்துகொள்ளும். தலைவிட்டத்தின் கீழே ஒரு குறுக்குப் பலகை போன்ற இரும்புத் தொட்டில் இரண்டு சுருள்வில்களால் தொங்கும். அந்தத் தொட்டிலில் லாரிக்காரர்கள் வைத்திருக்கும் பாட்டில் ஜாக்கி நிற்கும். ஜாக்கியை அடிக்க அடிக்க அதன் தண்டு மேலே எழும்பித் தலைவிட்டத்தை உந்தும், விட்டம் அசையாது, ஆகவே தொட்டில் கீழே இறங்கி, மேசைமீதுள்ள பொருளை அழுத்தும். வேலை முடிந்ததும் ஜாக்கியின் திருகைத் தளர்த்தினால், சுருள்வில்கள் தொட்டிலை மேலே இழுத்துக்கொள்ளும். சாதாரணப் பாட்டில் ஜாக்கியைத் தலைகீழாக வைத்தால் அது எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். அதனால்தான் அதை நிமிர்த்தி நிறுத்துவதற்கு இந்தத் தொட்டில் ஏற்பாடு.

ஒரு மனிதன் கையால் அடிக்கிற ஜாக்கிக்கு இருபது டன் பலம் எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பிரான்ஸ் தேசத்துப் பாஸ்கல் என்ற அறிஞர் 1662-ல் தம் முப்பத்தொன்பதாவது வயதில் காலமானார். திரவங்களைப் பற்றிய அவருடைய நூல் அடுத்த ஆண்டில் வெளிவந்தது. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அவ்வழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது அவர் கண்ட உண்மை. ஜாக்கியில் இரண்டு உருளைகள் உண்டு. சிறியதன் விட்டம் 1.2 சென்டிமீட்டர், பெரியதன் விட்டம் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தில் ஐந்து மடங்கு. பரப்பிலோ இருபத்தைந்து மடங்கு. ஆகவே சிறியதன்மேல் வைத்த பலம் பெரியதில் 25 மடங்காகிறது. ஜாக்கியின் நெம்புகோல் கைப்பலத்தை அதற்கு முன்பே 20 மடங்காக்கிவிடுகிறது. ஆக மொத்தம் 500 மடங்கு. கை 40 கிலோ பலத்துடன் அழுத்தினால் தண்டு 20,000 கிலோ பலத்துடன், அதாவது 20 டன்னாக எழும்புகிறது. உராய்வில் போவதை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.

இயற்கை எதையும் இனாமாகக் கொடுப்பதில்லை. தண்டு 1 சென்டிமீட்டர் எழும்புவதற்குக் கை மொத்தம் 500 சென்டிமீட்டர், அதாவது 5 மீட்டர் தூரம் கீழ்நோக்கி அழுத்தவேண்டும். பலத்தில் பெற்றதைத் தூரத்தில் கொடுத்துவிடுகிறோம். செக்கில் நம் முன்னோர் அறிந்திருந்த பேரம்தான் இது.

பாஸ்கலின் உண்மையை யந்திரமாக்கியவர் ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயப் பூட்டுத் தொழிலாளி. அவர் 1795-ல் திரவப் பிரஸ்ஸுக்கு உரிமை பெற்றார். உரிமை கிடைத்தும் யந்திரம் எளிதில் வசப்படவில்லை. அழுத்தம் ஏற ஏற, தண்டின் ஓரமாகத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்தது. அடைப்பை இறுக்கினால் தண்டு நகர மறுத்தது, தளர்த்தினால் ஒழுகியது. பிராமாவின் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்ற இளைஞர் ஒரு தோல் வளையத்தைக் கிண்ணம்போல மடித்து வைத்து இதைத் தீர்த்தார் என்று சொல்லுகிறார்கள். உள்ளே அழுத்தம் கூடும்போது தோலின் விளிம்பு விரிந்து தானே இறுகிக்கொள்ளும்; அழுத்தம் நீங்கியதும் தானே தளர்ந்துவிடும். இன்றைய ஜாக்கிகளில் தோலின் இடத்தில் ரப்பர் இருக்கிறது; யுக்தி அதேதான்.

இனி நம் பட்டறைக்குத் திரும்புவோம். ஜாக்கியைக் கடையில் வாங்கலாம். அதைச் செய்த தொழிற்சாலை, அது எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டு அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி நாம் கட்டும் சட்டத்தில் யாரும் எதையும் எழுதித் தரவில்லை. ஜாக்கியில் '20 டன்' என்று எழுதியிருப்பதால் சட்டமும் 20 டன் தாங்கும் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் பலர். இந்த யந்திரத்தில் அபாயம் புகுவது அந்த நினைப்பின் வழியாகத்தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹைஸ்கூல் மாணவனுக்கு எட்டாத கணக்கல்ல. தூண்களுக்கு இடையே 60 சென்டிமீட்டர் தூரம். நடுவில் 20,000 கிலோ பாரம். நடுவில் பாரம் விழும்போது விட்டத்தை வளைக்கும் திறனை அறிய, பாரத்தைத் தூரத்தால் பெருக்கி நான்கால் வகுக்கவேண்டும். விடை 3,00,000 கிலோ-சென்டிமீட்டர். இதை எதிர்த்து நிற்பது இரும்புச் சேனலின் வடிவம். ஒவ்வொரு சேனலுக்கும் அதன் வளையாத தன்மையைக் குறிக்கும் ஓர் எண் உண்டு. எஞ்சினீயர்கள் அதைச் செக்ஷன் மாடுலஸ் என்பார்கள். நம் நாட்டுத் தர அட்டவணைப்படி நாலங்குலச் சேனல் எனப்படும் 100 மில்லிமீட்டர் சேனலுக்கு அது சுமார் 37. 125 மில்லிமீட்டர் சேனலுக்குச் சுமார் 67. ஆறங்குலமான 150 மில்லிமீட்டர் சேனலுக்குச் சுமார் 104 கன சென்டிமீட்டர். விட்டத்துக்கு இரண்டு சேனல்கள் போடுவதால் இவற்றை இரட்டித்துக்கொண்டு, முன் சொன்ன 3,00,000-ஐ வகுத்தால், இரும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் விழும் பாரம் தெரிந்துவிடும்.

100 மில்லிமீட்டர் சேனலில் அது சுமார் 4,000 கிலோ. 125-ல் சுமார் 2,240 கிலோ. 150-ல் சுமார் 1,440 கிலோ. சாதாரண மெல்லிரும்பு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2,500 கிலோ வரையில் வளைந்து மீளும். அதற்கு மேல் போனால் வளைந்தது வளைந்ததுதான். ஆக, நாலங்குலச் சேனலில் கட்டிய பிரஸ் தன் ஜாக்கிக்கே தலைவணங்கிவிடும். 125 மில்லிமீட்டர் சேனல் விளிம்பில் நிற்கும். ஆறங்குலச் சேனலில் கட்டியது நிமிர்ந்து நிற்கும். உயரத்தில் இரண்டே அங்குலம். பலத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு! பார்வைக்கு மூன்றும் கனத்த இரும்பாகத்தான் தோன்றும். கண்ணை நம்பாமல் கணக்கை நம்பவேண்டியது இதற்காகத்தான். டிராக்டர் சக்கரம் நுழையவேண்டுமென்று தூண்களை 120 சென்டிமீட்டர் விலக்கி வைத்தால், ஒவ்வோர் எண்ணும் இரண்டு மடங்காகும். அப்பொழுது ஆறங்குலமும் போதாது.

அடுத்தது மேசையைத் தாங்கும் பின்கள். ஒவ்வொன்றின்மேலும் 10 டன் இறங்குகிறது. ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் வெட்டுப்படப் பார்க்கிறது. 25 மில்லிமீட்டர் உருட்டுக் கம்பியானால் வெட்டுமுகத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1,020 கிலோ. மெல்லிரும்பு இதைத் தாங்கும். 20 மில்லிமீட்டர் கம்பியானால் சுமார் 1,590 கிலோ; அதைத் தாங்காது. பின் பருமனாக இருந்தும், அது நுழையும் துளையின் ஓரம் மெல்லியதாக இருந்தால் துளை நசுங்கி நீண்டுவிடும். ஆகையால் துளையைச் சுற்றி ஒரு கனத்த தகட்டை வைத்துப் பற்றவைப்பது நலம். மேசைச் சேனல்கள் தூண்களை ஒட்டியே அமரவேண்டும். இடையில் சந்து விட்டால் வெட்டுப்படவேண்டிய பின் வளையத் தொடங்கும். விட்டத்தின் இரண்டு சேனல்களும் பாரத்தில் ஒன்றைவிட்டு ஒன்று விலகித் திரும்பாதபடி இடையிடையே தகடுகளால் இணைக்கவேண்டும்.

வெல்டிங் விஷயத்தில் இன்னும் அதிக ஜாக்கிரதை தேவை. தலைவிட்டத்தை ஒவ்வொரு தூணிலிருந்தும் 10 டன் பலம் மேல்நோக்கிப் பிய்க்கப் பார்க்கிறது. ஆறு மில்லிமீட்டர் அளவில் நன்றாகப் போட்ட மூலைப் பற்று, சென்டிமீட்டருக்குச் சுமார் 450 கிலோ தாங்கும் என்று கொண்டால், ஒவ்வொரு முனையிலும் 22 சென்டிமீட்டர் நீளமாவது பற்று வேண்டும். அது கணக்குக்கு மட்டும் போதுமானது. மனநிம்மதிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு போடுவார்கள் விவேகிகள். விட்டத்தின் மேல்முனையில் தூணோடு ஒரு தடைத்துண்டையும் சேர்த்துவிட்டால் பற்று ஒன்றே பாரம் முழுவதையும் சுமக்கவேண்டியதில்லை. வெல்டிங்கில் கைதேர்ந்தவரிடம் இந்த வேலையைக் கொடுப்பதில் ஒரு மானக்குறைவும் இல்லை. சட்டத்தை அறுப்பதும் துளையிடுவதும் நம் வேலையாயிருக்கட்டும். உயிரைத் தாங்கும் பற்று தேர்ந்த கையால் நடக்கட்டும்.

இரும்பைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சபலம் உண்டு. லாரி ஊரில் பழைய இரும்புக்குப் பஞ்சமில்லை. ரயில் தண்டவாளத் துண்டு கிடைக்கும். லாரியின் வில்பட்டை கிடைக்கும். இவை உறுதியானவை என்பது உண்மை. ஆனால் கரி மிகுந்த எஃகான இவை, சாதாரணமாகப் பற்றவைத்தால் பற்றின் ஓரத்தில் கண்ணாடியைப்போல் நொறுங்கும் தன்மையை அடைந்துவிடும். மெல்லிரும்பு உடையுமுன் வளைந்து காட்டி எச்சரிக்கும். நொறுங்கும் எஃகு எச்சரிக்காது. பழைய லாரிச் சட்டத்திலோ முந்தைய துளைகளும் மறைந்த வெடிப்புகளும் இருக்கலாம். ஆகவே சட்டத்துக்குப் புதிய மெல்லிரும்புச் சேனலே உத்தமம்.

கட்டி முடித்ததும் அதைச் சோதிக்கவேண்டும். மேசைமேல் ஒரு திண்மையான இரும்புக் கட்டையை வைத்துச் சிறிது சிறிதாக அழுத்தம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, பக்கவாட்டில் நின்று பார்க்கவேண்டும். எவ்வளவு அழுத்தம் ஏறியிருக்கிறது என்பதை அறிய, அளவுமானி பொருத்திய ஜாக்கி இருந்தால் சிலாக்கியம். முன் சொன்ன ஆறங்குல விட்டம் முழு 20 டன்னில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தாழும் என்பது கணக்கு. அழுத்தத்தை விட்டதும் அது பழைய நிலைக்கே திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் இரும்பு தன் எல்லையைக் கடந்துவிட்டது என்று பொருள்; அந்தச் சட்டத்தை நம்பலாகாது.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை நம் தமிழ்ப் பிள்ளைகள் அறிவார்கள். நாணேற்றிய வில் பார்வைக்குச் சும்மா இருக்கிறது. ஆனால் இழுத்தவனுடைய கைப்பலம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. அழுத்தம் ஏற்றிய பிரஸ்ஸும் அப்படித்தான். ஓசையில்லை, அசைவில்லை, ஆனால் இருபது டன் பலம் அதில் காத்துக்கொண்டிருக்கிறது. இறுகிய பேரிங் சில சமயம் அந்தப் பலத்தில் வெடிக்கும். அதன் எஃகு கடினமானது, வளையாது, சிதறும். சிதறிய துண்டு துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும். ஆகையால் பிரஸ்ஸின் நேர் எதிரே நிற்கலாகாது. கண்ணுக்குக் கண்ணாடியும், பொருளுக்கு முன்னால் ஒரு தடுப்புத் தகடும் அவசியம். அழுத்தம் ஏறியிருக்கும்போது உள்ளே கை நீட்டுவது கூடவே கூடாது. பொருள் நேராக அமர்ந்திருக்கிறதா என்று அழுத்துவதற்கு முன்பே பார்த்துவிடவேண்டும்.

பெரிய எஞ்சினீயர்களும் இந்த யந்திரத்தை முழுவதும் நம்பியதில்லை. பிரிட்டனில் மெனாய் ஜலசந்தியின்மீது ராபர்ட் ஸ்டீபன்ஸன் ரயில் பாலம் அமைத்தபோது, ஆயிரம் டன்னுக்கு மேல் கனமுள்ள இரும்புக் குழாயைத் திரவப் பிரஸ்ஸால் உயரே தூக்கினார்கள். குழாய் ஏற ஏற, அதன் அடியில் உடனுக்குடன் முட்டுக் கொடுத்து வரவேண்டும் என்பது அவர் கட்டளை. 1849-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரஸ்ஸின் உருளை அடிப்பக்கம் பிளந்துவிட்டது. அவ்வளவு பெரிய குழாய் சில அங்குலங்களே விழுந்து முட்டின்மேல் நின்றது. முட்டு இல்லாதிருந்தால் பாலத்தின் கதை அன்றே முடிந்திருக்கும். உடையாது என்று நம்பிய யந்திரத்துக்கும், உடைந்தால் என்ன செய்வது என்று முன்னாடியே ஏற்பாடு செய்தவர் அவர்.

வாசகர்களில் பலர், 'இரும்புப் பட்டறை விஷயம் நமக்கெதற்கு?' என்று எண்ணக்கூடும். நான் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயன். பாஸ்கலின் விதியைச் சொல் பிசகாமல் ஒப்புவித்து மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களில் சிலர் படிப்பை முடித்தும், சிலர் முடிக்காமலும் பட்டறைக்குப் போகிறார்கள். அங்கே அந்த விதியே இரும்பு உருவெடுத்து அவர்கள் முன்னால் நிற்கிறது. இது புத்தகத்தில் படித்ததுதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. வகுப்பில் கரும்பலகைக்கு வந்த கணக்குப் பட்டறைக்குப் போவதில்லை. பட்டறையில் கிடைத்த அனுபவமோ வகுப்புக்கு வருவதில்லை. நடுவிலுள்ள அந்த இடைவெளியில்தான் பிள்ளைகளின் விரல்களும் கண்களும் பறிபோகின்றன.

இந்தச் சேலம் சீமையில் இரும்பு புதிதாக வந்ததல்ல. கஞ்சமலையின் இரும்புக் கனிமம் பழமையான புகழுடையது. சேலத்துக் கனிமத்தை நம்பியே ஹீத் என்ற வெள்ளைக்காரர் 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்து நஷ்டமடைந்தார். சேலம் உருக்காலையில் 1981-ல் உற்பத்தி தொடங்கியது. மண்ணில் இரும்பு இருக்கிறது; நம்மவர் கையில் தொழில் இருக்கிறது. ஒரு சேனலை வாங்கப் போகுமுன் ஒரு காகிதத்தில் நாலு வரி கணக்குப் போடும் வழக்கம் ஒன்றுதான் இன்னும் வேரூன்றவேண்டும்.

தன் கையால் யந்திரம் கட்டுகிறவன் பாராட்டுக்குரியவன். அவன் செய்யவேண்டிய கடைசி வேலை ஒன்று உண்டு. சட்டத்தின் தலைவிட்டத்தில், எல்லாருடைய கண்ணிலும் படும்படி, அது எத்தனை டன் தாங்கும் என்று கணக்குப் போட்டு வர்ணத்தால் எழுதிவிடவேண்டும். சட்டம் 15 டன்தான் தாங்குமானால் 15 என்றே எழுதட்டும்; ஜாக்கியில் 20 என்று இருப்பது இருக்கட்டும். நாளைக்கு அந்தப் பட்டறையில் புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்குக் கணக்குத் தெரியாமல் இருக்கலாம், எழுத்துத் தெரியும். அந்த எண் அவனைக் காப்பாற்றும்.